பத்தியத்துக்கு வாங்கிய வெள்ளை அரிசி

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தோட்டத்துக் கூலி வரிசையான லயத்தில் எங்கள் வீட்டில் இருந்தவர்கள் இவர்கள்தான்: நான், என் மனைவி, பிறந்து எழுபத்திரண்டு நாள் ஆன எங்கள் மகன், என் அக்காள், கயிறு மந்திரித்துக் கட்ட வந்த பூசாரி, வாசலில் குடையை மடக்காமல் நின்ற தோட்டத்து டிரஸ்ஸர். ஆறு பேர். பின்பக்கம் கட்டியிருந்த அக்காளின் ஆட்டையும் குட்டியையும் சேர்த்தால் எட்டு. இப்படி எண்ணி எழுதுவதற்குக் காரணம் உண்டு. பிற்பாடு அந்தத் தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் "நானும் அன்னிக்கு அங்கதான் நின்னேன்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். யாரும் நிற்கவில்லை. எல்லாரும் சாமான் வாங்கப் பாலோ டவுனுக்குப் போயிருந்தார்கள். லயம் காலியாகக் கிடக்கும் நேரம் பார்த்துத்தான் நான் டிரஸ்ஸரைக் கூட்டி வந்தேன். யார் கண்ணிலாவது பட்டுவிட்டால் என்ன சொல்வார்களோ என்ற பயம்.

பயம் என்னோடு கூடப் பிறந்தது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை படித்தேன். அப்பா காய்ச்சலில் போனதும் புல்லு வெட்டப் போய்விட்டேன். கொஞ்சம் எழுத்தும் கணக்கும் தெரியும் என்பதால் பிறகு ஸ்டோரில் ரப்பர் பால் நிறுக்கும் வேலை கிடைத்தது. ஒவ்வொரு வாளியையும் இரண்டு தடவை நிறுப்பேன். எழுதியதை மூன்றாம் தடவை பார்ப்பேன். வரிசையில் நிற்பவர்கள், "இவன் நிறுத்து முடிக்கிறதுக்குள்ள பால் உறைஞ்சு கட்டியாயிடும்ப்பா" என்று கேலி பேசுவார்கள். ரப்பர் விலை அடியோடு விழுந்து, பாதிப் பேரைக் கடல் தாண்டிச் சொந்த ஊருக்குக் கப்பலேற்றிவிட்டு, மறுபடி விலை கொஞ்சம் தலைதூக்கிய காலம் அது. வேலை போய்விடுமோ என்பது ஒரு கவலை. அதற்குமேல் என்னுடைய சொந்தக் கவலைகள் தனி.

டிரஸ்ஸர் என்பவர்தான் தோட்டத்து ஆஸ்பத்திரி. டாக்டர் மாதத்துக்கு ஒரு தரம் காரில் வருவார், கையெழுத்துப் போடுவார், துரை பங்களாவில் தேநீர் குடித்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் இந்த யாழ்ப்பாணத்துக்காரர்தான். காலையில் பெரட்டில் ஆட்கணக்கு எடுக்கும்போது மலேரியாக் காய்ச்சலுக்கு ஆளுக்கொரு கொயினா மாத்திரையை வாயில் போட்டு, முழுங்கினாயா என்று நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பார். பெண்கள் கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்திருந்து மரத்தடியில் துப்புவார்கள். கொயினா சூடு, கருப்பையைச் சுட்டுவிடும் என்று பேச்சு. ஆஸ்பத்திரி என்றாலோ இன்னும் மோசம். உள்ளே போனவர் நடந்து வந்ததில்லை என்பார்கள். அது ஓரளவு உண்மையும்கூட. நாங்கள்தான் எல்லா மருந்தும் பார்த்து, எல்லாச் சாமியும் கும்பிட்டு, கடைசி மூச்சு இழுக்கும்போது தூக்கிக்கொண்டு போவோமே, பிறகு அங்கே போகாமல் உயிர் வேறு எங்கே போகும்? இது எனக்கு இப்போது தெரிகிறது. அப்போது தெரியவில்லை.

எங்கள் முதல் பிள்ளை பெண். நாற்பதாம் நாள் காய்ச்சல் கண்டது. மழை மாதம். நான்தான் பயந்துபோய், அக்காள் தடுக்கத் தடுக்கத் துண்டில் சுற்றி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மறுநாள் அதே துண்டில் திரும்பக் கொண்டுவந்தேன். அக்காள் அதற்குப் பிறகு என்னிடம் கோபித்ததில்லை. ஆனால் அந்தப் பேச்சு வந்தால், "நீதானடா தூக்கிட்டுப் போனே" என்பாள். அவ்வளவுதான் சொல்வாள். எனக்கு அது போதும்.

இரண்டாவது தரம் என் மனைவி உண்டானபோது நான் ஒரு முடிவுக்கு வந்தேன். அவள் உடம்பில் சத்தில்லை. ஏன் சத்தில்லை? தோட்டத்தில் கொடுக்கும் ரேஷன் அரிசிதான் காரணம். ரங்கூன் புழுங்கல். சிவப்பும் பழுப்புமாக, மூட்டையைத் திறந்தாலே ஒரு முடை நாற்றம். கூலிச் சோறு என்றே அதற்குப் பெயர். பாலோவில் முஸ்லிம் காக்கா கடையில் சயாம் பச்சரிசி வைத்திருந்தார்கள். மல்லிகை மொட்டு மாதிரி வெள்ளை. தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் பெரிய கிராணி வீட்டுக்குப் போகிறது, கங்காணி வீட்டுக் கல்யாணத்துக்குப் போகிறது என்று கடைக்காரக் காக்கா சொன்னார். ஏழாம் மாதத்திலிருந்து என் மனைவிக்கு மட்டும் அந்த அரிசி. நானும் அக்காளும் ரேஷன் சோறுதான் தின்றோம். வெற்றிலையை நிறுத்தினேன், பீடியை நிறுத்தினேன். மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஸ்டேஷனிலிருந்து நடந்து வந்தபோது எனக்கு இருந்த பெருமையைச் சொல்ல முடியாது. பயப்படுகிறவனுக்கு ஏதாவது ஒன்று செய்துவிட்டோம் என்பதே பெரிய ஆறுதல்.

பிள்ளை பிறந்தது. ஆண். பத்தியம் அக்காள் பொறுப்பு. எங்கள் வழக்கத்தில் நாற்பது நாள். அக்காள் மூத்தது போனதை மனதில் வைத்துத் தொண்ணூறு என்று நீட்டிவிட்டாள். அந்த வெள்ளை அரிசியைத் தண்ணீர் தெளிகிற வரைக்கும் ஆறேழு தடவை கழுவுவாள். கஞ்சியை ஒட்ட வடிப்பாள். கழுநீரும் கஞ்சியும் ஆட்டுக்கு. சோற்றோடு சுட்ட கருவாடு ஒரு துண்டு, பூண்டு, மிளகு ரசம். பயறு வாய்வு, கூடாது. கீரை குளிர்ச்சி, கூடாது. முட்டை மாந்தம், கூடவே கூடாது. இத்தனையும் பாசத்தில் செய்தாள். தாயில்லாத எங்களுக்கு அவள் எல்லாமாக இருந்தவள். அவளைக் குற்றம் சொல்லி இதை எழுதவில்லை.

இரண்டாம் மாதத்தில் பையன் நன்றாகப் புசுபுசுவென்று இருந்தான். பார்த்தவர்களெல்லாம், "அலமாக், என்னா கொழு கொழுன்னு!" என்றார்கள். அக்காள் உடனே கன்னத்தில் ஒரு மைப்பொட்டு கூட வைப்பாள். ஆனால் பால் குடித்ததைக் கக்க ஆரம்பித்தான். மூச்சு வேகமாக ஓடியது. நான் வேலைக்குப் போகுமுன் அவன் நெஞ்சைப் பார்த்து எண்ணுவேன், வந்து எண்ணுவேன். பிறகு அழுகை கம்மியது. கம்மிக் கம்மி, ஒரு நாள் வாயைத் திறந்து முகம் சிவக்க அழுகிறான், சத்தமே இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று அழுகிற பிள்ளை மாதிரி. என் மனைவிக்கும் காலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. எழுந்தால் முழங்கால் மடங்கியது. பிரசவ வாதம் என்றாள் அக்காள். பிள்ளைக்குக் கண்ணேறு என்றாள்.

பெரட்டில் டிரஸ்ஸர் என்னைக் கேட்பார். "பிள்ளை சுகமோ?"

"நல்லா இருக்குங்கய்யா."

நான்கு நாள் இப்படிப் பொய் சொன்னேன். கூப்பிட்டால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவார். தூக்கிப் போனால் துண்டில்தான் வரும். கூப்பிடாவிட்டாலும் போய்விடும் போலிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசாரி வந்து உட்கார்ந்து விபூதித் தட்டை எடுத்தபோது நான் பின்பக்கமாக நழுவினேன். டிரஸ்ஸர் வீட்டு வேலி வரைக்கும் இரண்டு தடவை போய் இரண்டு தடவை திரும்பினேன். மூன்றாம் தடவை அவரே என்னைப் பார்த்துவிட்டார்.

"ஏன் நடந்துகொண்டு திரியிறீர்? என்ன விஷயம்?"

"சத்தம் வரலிங்கய்யா" என்றேன். தன் தொண்டையைச் சொல்கிறானோ என்று நினைத்தாராம். பிறகு புரிந்துகொண்டு குடையை எடுத்தார்.

வாசலில் அவரைக் கண்டதும் அக்காள் நிலைப்படியில் குறுக்கே நின்றாள்.

"தூக்கிட்டுப் போகத்தானே வந்திருக்கீங்க? ஒண்ணக் குடுத்தது போதும்."

"இல்லையம்மா. பாக்கத்தான் வந்தனான். நான் உள்ளுக்கு வரேல்ல. பிள்ளையை வெளிச்சத்துக்குக் கொண்டுவாங்கோ."

பத்தியக்காரி இருக்கும் அறைக்குள் வேற்று ஆண் வரக்கூடாது என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. அதனால்தான் குடையோடு வெயிலிலேயே நின்றார். அக்காள் பிள்ளையைக் கொடுக்கவில்லை. ஆனால் தூக்கி வந்து காட்டினாள். டிரஸ்ஸர் விரலால் பிள்ளையின் உள்ளங்காலைச் சுண்டினார். அவன் வாயைப் பிளந்தான். கண்ணீர் வந்தது. சத்தம் வரவில்லை. டிரஸ்ஸர் முகம் மாறியதை நான் பார்த்தேன். கதவுக்குப் பின்னால் நின்ற என் மனைவியிடம், அவளைப் பார்க்காமலே, "காலுக்க விறைக்குதோ, பிள்ளை?" என்று கேட்டார். ஆமாம் என்றாள். அவருக்கு அது எப்படித் தெரிந்தது என்று நான் மிரண்டுபோனேன்.

"இந்த வீட்டில என்ன அரிசி?"

"எங்களுக்கு ரேஷன் புழுங்கல். அவளுக்கு மட்டும் சயாம் வெள்ளை" என்றேன். அந்த நேரத்திலும் கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்.

"எத்தினை மாசமா?"

"அஞ்சு மாசம்."

அவர் குடையை மடக்கினார். "கேளும். முந்தி ஒரு சீனத்துப் பிள்ளையிட்ட இதைப் பாத்தனான். அப்ப விளங்கேல்ல, பிள்ளை போயிட்டுது. உந்த வெள்ளை அரிசியில உயிரில்லை. உமியோட அவிச்ச அரிசியிலதான் சத்து உள்ளுக்க ஊறி நிக்கும். வெள்ளையா வரட்டும் எண்டு மெசினில தீட்டினா எல்லாம் தவிட்டோட போயிடும். மிச்சம் இருக்கிறதையும் கழுவி வடிச்சு ஊத்திப்போடுறியள்."

கதவுக்குப் பின்னாலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "அப்ப என் பாலுதான் புள்ளையக் கொல்லுதுங்களா?"

டிரஸ்ஸர் மெதுவாகச் சொன்னார். "உன்ர பாலில பிழை இல்லை, பிள்ளை. உனக்குத் தந்த சோத்திலதான் பிழை. மூண்டு நாளைக்குப் பால் குடுக்காதை. நெஞ்சு கட்டினாப் பீச்சி ஊத்து. பிறகு குடுக்கலாம்."

நான் உள்ளே மூலையில் இருந்த அரிசி மூட்டையைப் பார்த்தேன். அந்தச் சோற்றை யார் தந்தது? பீடியை நிறுத்தி, மூட்டையைத் தலையில் சுமந்து, யார் தந்தது? என்னை அந்த நேரத்தில் யாரும் கவனிக்கவில்லை. அதுவும் நல்லதுதான்.

அக்காள் விடவில்லை. "பெத்தவளுக்குக் கூலிச் சோறு போடச் சொல்றீங்களா? நாங்க என்னா அவ்வளவு கேவலமாவா போயிட்டோம்?"

"என்ர மனுசியும் அதைத்தான் தின்னுறவ. எங்கட ஊரில கலியாண வீட்டுக்கும் சிவப்புப் புழுங்கல்தான்."

"நீங்களா? புழுங்கலா?" அக்காள் நம்பவில்லை. எனக்கும் நம்பிக்கை வரவில்லை. சப்பாத்துப் போட்டு, துரையோடு இங்கிலீஷ் பேசுகிறவர் வீட்டில் வெள்ளைச் சோறுதான் வேகும் என்று நாங்களாக நினைத்துக்கொண்டிருந்தோம். யாரும் போய்ப் பார்த்ததில்லை. பார்க்க நாங்கள் அவர் வீட்டுக்குள் போகிறவர்களும் இல்லை.

"போய்ப் பாத்திட்டு வாரும்" என்று என்னை விரட்டினார். ஓடினேன். டிரஸ்ஸரம்மா காரணம் கேட்கவில்லை. அடுப்பிலிருந்த பானையை அப்படியே துணியில் பிடித்துக் கொடுத்தார்கள், மேலே ஒரு கிண்ணத்தில் அவித்த பச்சைப்பயறும் வைத்து. பானையை அக்காள் முன்னால் இறக்கினேன். அக்காள் மூடியைத் திறந்தாள். சிவப்புச் சோறு, பெரிய பெரிய பருக்கை. மோந்து பார்த்தாள். ஒரு பருக்கையை எடுத்து நசுக்கினாள்.

"இது நம்மளதைவிடக் கறுப்பால்ல இருக்கு" என்றாள்.

அதுவரை பேசாமலிருந்த பூசாரி அப்போது தொண்டையைச் செருமினார். அவரும் வாரத்துக்கு ஆறு நாள் பால்மரம் வெட்டுகிறவர்தான், ஞாயிறு மட்டும் பூசாரி. "கயிறு கட்டியாச்சு. கயிறு கட்டின வீட்டுல மூணு மாசத்துக்கு வெள்ளைச் சோறு ஆகாது. அம்மனுக்குச் செவப்புத்தான் புடிக்கும். நான் சொல்ல மறந்துட்டேன்."

"இப்பத்தான் ஞாபகம் வந்துச்சா?" என்று அக்காள் முறைத்தாள்.

"வயசாகுதுல்ல."

டிரஸ்ஸர் சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்தார். "கயிறு இருக்கட்டும், கருவாடும் பூண்டும் இருக்கட்டும். பத்தியத்தை நான் விடச் சொல்லேல்ல. அரிசியை மாத்துங்கோ, கழுவிறதைக் குறையுங்கோ, பயறு குடுங்கோ. அவ்வளவுதான்."

"பிள்ளைக்குப் பால்?" என்றேன்.

பின்பக்கம் ஆடு கத்தியது. டிரஸ்ஸர் எட்டிப் பார்த்தார். ஐந்து மாதமாகக் கழுநீரும் கஞ்சியும் குடித்த ஆடு, பீப்பாய் மாதிரி நின்றது. அதற்கும் ஒரு குட்டி இருந்தது.

"இந்த வீட்டில ஒழுங்காச் சாப்பிட்டது உதுதான். உதின்ர பாலைக் காய்ச்சி, பாதிக்குப் பாதி தண்ணி விட்டுக் கரண்டியால குடுங்கோ" என்றார். அக்காளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதாள். பிறகு பிள்ளையை அவர் கையில் கொடுத்தாள். ஒரு நிமிஷம்தான். நெஞ்சில் காது வைத்துக் கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஆட்டுப்பால் மட்டும் போதாது என்று அவர் அன்று சாயங்கால ரயிலிலேயே குளுவாங் டவுனுக்கு மருந்து வாங்கப் போனார். காலையில் பெரட்டுக்கு வந்து நின்றபோது கையில் மூன்று டப்பா. உள்ளே தார் மாதிரி கறுப்புப் பசை, உப்புக் கரிப்பு. புளிக்க வைக்கும் நொதியிலிருந்து எடுப்பதாம், தவிட்டில் போன சத்து அதில் இருக்கிறதாம். சுடுதண்ணீரில் ஒரு துளி கரைத்துப் பிள்ளைக்கு, ஒரு கரண்டி கரைத்துத் தாய்க்கு. அக்காள் அதை முதலில் தானே நக்கிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தாள்.

திங்கள் ஒன்றும் தெரியவில்லை. செவ்வாய் கக்குவது நின்றது. நான் அதை நம்பவில்லை. என் மனைவி சிரட்டையில் பாலைப் பீச்சி ஊற்றும்போது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள். நான் வெளியே போய்விடுவேன். புதன்கிழமை ஸ்டோரில் ஒரு வாளியை எத்தனை தடவை நிறுத்தேன் என்று எனக்கே தெரியாது. கணக்கு முடிந்து மத்தியானம் லயத்துக்கு வந்தேன். லயத்து முனையில் திரும்பும்போது எங்கோ ஒரு பிள்ளை வீல் வீலென்று கத்துகிறது. யார் வீட்டுப் பிள்ளையோ, இப்படி அழவிட்டுவிட்டு எங்கே போய்விட்டார்களோ என்று நினைத்தேன். நாலு அடி வைத்த பிறகுதான் உறைத்தது. அந்த வரிசையில் கைப்பிள்ளை இருக்கும் வீடு எங்கள் வீடு ஒன்றுதான்.

அக்காள் வாசலில் நின்று பிள்ளையை என் பக்கம் நீட்டினாள். "வாடா, வந்து வாங்கு உன் மகனை. காதைக் கிழிக்கிறான். பக்கத்து வீட்டுக்காரி வேற வந்து சண்டை போட்டுட்டுப் போறா."

நான் வாங்கினேன். அவன் என் காதுக்குள்ளேயே கத்தினான். அன்று என்னை அவன் அழுகையை நிறுத்தச் சொல்லியிருந்தால் செய்திருக்க மாட்டேன்.

மறுநாளிலிருந்து என் மனைவி பால் கொடுத்தாள். ஒரு மாதத்தில் அவள் காலும் சரியாகி, கிணற்றடி வரை தனியே நடந்தாள். மூட்டையில் மீதியிருந்த வெள்ளை அரிசியைக் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனேன். "எல்லாரும் இதைக் கேட்டுச் சண்டை போடுறாங்க, நீ ஒருத்தன்தான் தம்பி வேணாங்கிறே" என்று காக்கா அதிசயப்பட்டார். விஷயத்தைச் சொன்னேன். யோசித்துவிட்டு, "எங்க வீட்ல மருமக மாசமா இருக்கா" என்றார். பிறகு புழுங்கல் மூட்டை ஒன்றைக் கடையாளிடம் உள்வீட்டுக்கு எடுத்துப்போகச் சொன்னதைப் பார்த்தேன்.

அக்காளோ அடியோடு மாறிவிட்டாள். பிள்ளை பெற்ற வீட்டுக்கெல்லாம் கூப்பிடாமலே போய் அடுப்படியில் உட்கார்ந்துவிடுவாள். "டிரஸ்ஸரம்மாவே செவப்புச் சோறுதான் திங்கிறாங்க, உனக்கு என்னா வெள்ளை கேக்குது? மகாராணியா?" என்று அதட்டுவாள். சத்து, தவிடு, மெசின் எதையும் சொல்லமாட்டாள். சொன்னாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். டிரஸ்ஸரம்மா தின்கிறார்கள் என்பதைத்தான் கேட்டார்கள். அதற்குப் பிறகு பிள்ளைக்கு உடம்பு என்றால் இரண்டாம் நாளே வாசலில் டிரஸ்ஸரின் குடையைப் பார்க்கலாம் என்ற நிலைமை வந்தது. கொயினாவைத் துப்புவது மட்டும் நிற்கவில்லை.

மூன்று டப்பாவுக்கும் அவர் கைக்காசு போட்டிருந்தார். ஆஸ்பத்திரிக் கணக்கில் அதற்கு இடமில்லையாம். டப்பா ஒன்று ஒரு வெள்ளி அறுபது காசு. சம்பளத்தன்று ஒரு வெள்ளி கொடுத்தேன், அடுத்த சம்பளத்தில் இன்னொன்று. மூன்றாவது மாதம் நீட்டியபோது வாங்கவில்லை. "இப்ப பிள்ளைக்கு ஏதும் வாங்கிக் குடும். அவன் நடக்கேக்க அவன்ர கையில குடுத்துவிடும், வாங்கிறன்" என்றார்.

அவன் பதினோராம் மாதத்தில் நடந்தான். அதற்கு மூன்று வாரம் முன்னால்தான் டிரஸ்ஸரை மூவார்ப் பக்கம் ஏதோ தோட்டத்துக்கு மாற்றியிருந்தார்கள். விசாரித்தேன், அங்கிருந்தும் போய்விட்டார் என்றார்கள். எந்த ஊர் என்று சொல்லத் தெரிந்தவர் இல்லை. நான் எழுதியதை மூன்று தடவை சரிபார்க்கிறவன், இதையும் பார்த்துவிட்டேன். அவருக்கு நான் இன்னும் தரவேண்டியது இரண்டு வெள்ளி எண்பது காசு.